நாற்பதாவது மேடையின் குரல்

பேருந்து முனையத்தில் மேடைகள் நாற்பது. மேடைக்கு ஒன்றாக ஒலிபெருக்கிகளும் நாற்பது. தொண்டை மட்டும் ஒன்றே ஒன்று. அது மைக்கக்காவுடையது.

பெற்றவர்கள் வைத்த பெயர் அவளுக்கு இருக்கத்தான் செய்தது. ஆனால் கண்ணாடி அறைக்குள் உட்கார்ந்து பஸ் வருவதையும் போவதையும் வருடக்கணக்காகச் சொல்லிச் சொல்லி, ஓட்டுநர்களிலிருந்து கழிப்பறைக் காவலர் வரை எல்லாருக்கும் அவள் மைக்கக்காவாகிவிட்டாள். அவளைவிட வயதில் மூத்தவர்கள்கூட அக்கா என்றுதான் கூப்பிட்டார்கள். அவளும் அதற்குத் திரும்பிப் பார்த்துப் பழகிவிட்டாள்.

அவள் கணவர் அதே முனையத்தின் கடைக்கோடியில், நாற்பதாவது மேடைக்குப் பின்னால், இருசக்கர வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்துக்கொண்டார். வீட்டுக்கு வேண்டிய பேச்சு முழுவதையும் மனைவியே பேசிவிடுவதாலோ என்னவோ, அவர் வாயிலிருந்து "உம்" தவிர வேறு சொல் வருவது அபூர்வம். வண்டியை எங்கே விடுவது என்று கேட்டாலும் "உம்", எப்போது எடுக்கலாம் என்று கேட்டாலும் "உம்". கேட்பவர்களே ஒரு பதிலை ஊகித்துக்கொண்டு போய்விடுவார்கள். பெரும்பாலும் அது சரியாகவே இருக்கும். ஊழியர்கள் அவருக்கு உம்மண்ணன் என்று பெயர் வைத்தார்கள். அதை அவரிடம் சொன்னபோதும் "உம்" என்றார்.

இப்படி நன்றாகப் போய்க்கொண்டிருந்த முனையத்தில், பழைய ஒலிபெருக்கிகளைக் கழற்றிவிட்டுப் புதியவற்றை மாட்டினார்கள். புதியவை கணினி வலையில் இணைந்தவை. ஒவ்வொன்றுக்குள்ளும் ஒரு குட்டிக் கடிகாரம் உண்டு. நாற்பது கடிகாரங்களும் ஒரே நேரத்தைக் காட்டினால் நாற்பது ஒலிபெருக்கிகளும் ஒரே வாயாகப் பேசும். ஒன்று முந்தி ஒன்று பிந்தினால், வாய்ப்பாடு ஒப்பிக்கும் ஒன்றாம் வகுப்பைப் போல ஆளுக்கொரு பக்கம் இழுக்கும்.

மாட்டிவிட்டுப் போக வந்த டெக்னீஷியன் இதை இயக்குநருக்கு விளக்கினார்.

"கடிகாரங்க தங்களுக்குள்ள பேசிக்கும் சார். எது ஒழுங்கா ஓடுதோ அதையே தலைமைக் கடிகாரமா தேர்ந்தெடுத்துக்கும். மத்ததெல்லாம் அதைப் பாத்து ஓடும். நாம கை வைக்காம இருந்தா போதும்."

இயக்குநர் நாற்காலியில் நிமிர்ந்து உட்கார்ந்தார்.

"தேர்ந்தெடுத்துக்குமா? யாரைக் கேட்டு?"

"யாரையும் கேக்காது சார். அதுவே பண்ணிக்கும்."

"என் ஆபீஸ்ல எலெக்‌ஷன் நடத்துறியா நீ?" என்றார் இயக்குநர். "இந்த முனையத்துல தலைமைன்னு ஒண்ணு இருந்தா அது என் அறையிலதான் இருக்கணும். இன்னைக்குக் கடிகாரத்துக்கு விட்டுக்கொடுத்தா நாளைக்கு மின்விசிறி கேக்கும்."

அப்படியே ஆயிற்று. இயக்குநரின் மேசை மேல், அவருக்குக் கிடைத்த கேடயங்களுக்கு நடுவே, ஒரு பெட்டியை வைத்து அதையே தலைமைக் கடிகாரமாக்கினார்கள். அதில் ஒரே ஒரு சிக்கல். இயக்குநர் அறையை விட்டு வெளியே போனதும் மின்சாரத்தை மிச்சம் பிடிக்க உதவியாளர் மொத்த இணைப்பையும் அணைத்துவிடுவார். இயக்குநரோ அறையில் இருப்பதைவிட வெளியே இருப்பதே அதிகம். தலைமை தூங்கிப்போன நேரமெல்லாம் நாற்பது கடிகாரங்களும் தத்தம் மனம்போல் நடந்தன. எல்லாவற்றிலும் சோம்பேறியாக இருந்தது நாற்பதாவது மேடையின் கடிகாரம்.

மைக்கக்கா "துறைமுகம் செல்லும் பேருந்து ஏழாவது மேடைக்கு வந்துகொண்டிருக்கிறது" என்று முடித்து "மலையடிவாரம் செல்லும் பேருந்து" என்று தொடங்கும்போது, துறைமுகம் இன்னும் பல மேடைகளில் வந்துகொண்டே இருக்கும். இரண்டும் மோதி, கேட்பவர் காதில் விழுவது "துறைமலை ஏழடிவாரம்". ஒரு மாலுமி கப்பலேறப் போகிறேன் என்று கிளம்பி மலையடிவாரத்தில் இறங்கினார். அங்கே ஒரு ஓடையைப் பார்த்துவிட்டு, தண்ணீர் இவ்வளவு வற்றிப்போய்விட்டதே என்று வருந்தினாராம். பஸ்ஸைத் தவறவிட்டவர்கள் எல்லாரும் நேராகக் கண்ணாடி அறைக்கு வந்து மைக்கக்காவை முறைத்தார்கள்.

"ஒழுங்கா ஒரு தடவை சொல்லக் கூடாதாம்மா? எதுக்கு இத்தனை தடவை சொல்லிக் குழப்புற?"

"நான் ஒரு தடவைதாங்க சொன்னேன்" என்பாள் அவள். யாரும் நம்பவில்லை. கொஞ்ச நாளில் அவளுக்கே சந்தேகம் வந்துவிட்டது.

அவள் வாய்விட்டுக் குறை சொன்னது ஒரே ஒருமுறைதான். உடனே, கேட்டதைவிடப் பெரிதாகவே நடவடிக்கை எடுத்தார்கள். 'காலஒத்திசைவு நிலைத்தன்மைக் கண்காணிப்புப் பிரிவு' என்று ஒன்றைத் திறந்து, பன்னிரண்டு பேரைப் போட்டு, ஒரு குளிரூட்டிய அறையையும் சுவர் அகலத்துக்கு ஒரு திரையையும் கொடுத்தார்கள். திரையில் நாற்பது வட்டங்கள். கடிகாரம் சரியாக இருந்தால் வட்டம் பச்சை, பிசகினால் சிவப்பு. அந்தப் பிரிவின் அலுவலர் நாள் முழுக்க அதன் முன்னால் உட்கார்ந்து உட்கார்ந்து, போகப்போக அவர் முகத்திலும் பச்சை வெளிச்சம் படிந்துபோனது. அவரைப் பச்சைவிளக்கு என்று அழைத்தார்கள்.

மைக்கக்கா நல்ல செய்தி கேட்கும் ஆவலில் அவரிடம் போனாள்.

"சார், எப்ப சரியாகும்?"

"எதும்மா?"

"ஸ்பீக்கருங்கதான் சார்."

"அதை ஏம்மா எங்கிட்ட கேக்குறீங்க? வாசல்ல பலகை இருக்கு, படிச்சுப் பாருங்க. கண்காணிப்புன்னு போட்டிருக்கு. சரி பண்றதுன்னு எங்கயாவது போட்டிருக்கா?"

"அப்போ சரி பண்ற பிரிவு எங்க சார் இருக்கு?"

பச்சைவிளக்கு அவளைக் கனிவோடு பார்த்தார். "அப்படி ஒரு பிரிவு வேணும்னா, முதல்ல இங்க தப்பு இருக்குன்னு ஒத்துக்கணும். அதை ஒத்துக்கற அதிகாரம் யாருக்கும் இல்லம்மா."

முதல் வாரம் திரை முழுக்கச் சிவப்பு. பார்க்க வந்த இயக்குநருக்குத் தலை சுற்றியது. "எனக்கு ரத்த அழுத்தம் இருக்குய்யா, இந்தக் கலரைக் காட்டாதே" என்று கண்ணை மூடிக்கொண்டார். பிரிவு கூடி யோசித்தது. ஒரு விநாடியில் ஆயிரத்தில் ஒரு பங்கு பிசகினாலே சிவப்பு காட்டுவது மனிதாபிமானமற்ற செயல் என்று முடிவாயிற்று. எல்லையை ஒரு விநாடியாகத் தளர்த்தினார்கள். பாதி வட்டங்கள் பச்சையாயின. பிறகு இரண்டு விநாடி, மூன்று விநாடி. நாற்பதாவது மேடை மட்டும் பிடிவாதமாகச் சிவப்பிலேயே நின்றது. கடைசியில் ஐந்து விநாடி என்று வைத்ததும் அதுவும் பச்சையாயிற்று. பன்னிரண்டு பேரும் எழுந்து நின்று கைதட்டினார்கள். நூற்றுக்கு நூறு நிலைத்தன்மை என்றும், முனையத்தில் எதிரொலி அடியோடு ஒழிக்கப்பட்டது என்றும் இயக்குநர் கையெழுத்துப் போட்ட சான்றிதழ் ஒன்று கண்ணாடிச் சட்டத்துக்குள் ஏறியது.

ஒலிபெருக்கிகள் எல்லாம் சரி என்று ஆன பிறகும் பயணிகள் மலையடிவாரத்தில் இறங்கிக்கொண்டிருந்தார்கள் என்றால் தப்பு எங்கே? மிச்சமிருப்பது ஒரே ஒரு பொருள்தான். பச்சைவிளக்கு கண்ணாடி அறைக்கே வந்து மைக்கக்காவைச் சுற்றிச் சுற்றிப் பார்த்தார்.

"உங்க பேச்சுதாம்மா நிலையா இல்லை. ஒரு சொல்லுக்கும் அடுத்த சொல்லுக்கும் நடுவுல அஞ்சு விநாடி விடுங்க. எல்லா ஸ்பீக்கரும் சொல்லி முடிச்சதும் அடுத்த சொல்லை எடுங்க."

அன்றிலிருந்து மைக்கக்கா "துறைமுகம்" என்பாள். ஒன்று, இரண்டு என்று மனதுக்குள் எண்ணுவாள். "செல்லும்" என்பாள். அவள் ஏழாவது மேடையை அடைவதற்குள் பஸ் துறைமுகத்தை நோக்கிப் பாதி தூரம் போயிருக்கும். பழக்கம் வீடு வரை தொற்றிக்கொண்டது. ஒரு காலையில் அவள் சமையலறையிலிருந்து "என்னங்க" என்றாள். உம்மண்ணன் காத்திருந்தார். "அடுப்புல" என்றாள். மறுபடியும் காத்திருந்தார். "பால்" என்று அவள் சொன்னபோது பால் பொங்கி அடுப்பை அணைத்து சமையல் மேடையில் வழிந்து தரைக்கு இறங்கியிருந்தது. அவர் துணியை எடுத்துத் துடைத்தபடி அவளைப் பார்த்து "உம்?" என்றார், கேள்வியாக. கேள்வியாக ஒரு உம் அவர் சொன்னதே இல்லை. மைக்கக்கா அழுதுவிட்டாள். நல்லவேளை, அழுகைக்கு அவள் இடைவெளி விடவில்லை.

இந்த நிலையில்தான் நூற்றுக்கு நூறு வாங்கியதைக் கொண்டாட விழா வைத்தார்கள். ஒலிபெருக்கிகளை எல்லாம் பச்சைத் துணியால் இறுக்கிச் சுற்றி அலங்கரித்தார்கள். சத்தம் வெளியே வராத அளவுக்கு அலங்காரம் அமைந்தது. நாற்பதாவது மேடைக்கு வந்தபோது துணி தீர்ந்துவிட்டது. கடைக்கோடிதானே, யார் பார்க்கப் போகிறார்கள் என்று விட்டுவிட்டார்கள்.

இயக்குநர் முதல் மேடையில் போட்டிருந்த பந்தலில் ஏறி மைக் முன் நின்றார். மைக்கை ஏற்றி இறக்க மைக்கக்கா பக்கத்தில் இருந்தாள். முனையத்தின் ஒலிபெருக்கிகளில் ஒரு சொல்லையாவது அவர் அதுவரை கேட்டதில்லை. அவர் அறையின் கதவு அவ்வளவு தடிமன்.

"அன்பார்ந்த பயணிகளே!" என்று கூவிவிட்டுக் கைதட்டலுக்காக நிறுத்தினார்.

நாற்பதாவது மேடையிலிருந்து கணீரென்று பதில் வந்தது: "அன்பார்ந்த பயணிகளே!"

இயக்குநர் திடுக்கிட்டார். "யார் அது?"

"யார் அது?" என்றது தூரத்துக் குரல்.

"இயக்குநர் பேசிக்கொண்டிருக்கிறேன்!"

கொஞ்சம் பொறுத்து அந்தக் குரலும் தான் இயக்குநர்தான் என்றது. பயணிகளுக்கு உற்சாகம் பிறந்துவிட்டது. விழாவில் நகைச்சுவை நிகழ்ச்சி இருப்பதாக யாரும் சொல்லவில்லையே என்று சொல்லிக்கொண்டு முன்னால் நெருங்கி வந்தார்கள்.

"மரியாதையாகப் பேச்சை நிறுத்து! நீ யாரிடம் பேசுகிறாய் தெரியுமா?"

நாற்பதாவது மேடையும் அதையே கேட்டது, அதே கோபத்தோடு. கூட்டம் கைதட்டி விசிலடித்தது. அவர் பணிக்காலத்தில் அவ்வளவு பெரிய கைதட்டல் விழுந்ததே இல்லை. முகம் சிவந்து அவர் இறங்கிப் போனபோது, பின்னாலேயே "இவனைச் சும்மா விடமாட்டேன்" என்று அவர் குரலே அவரைத் துரத்திக்கொண்டு வந்தது.

"சார், அது ஆள் இல்ல சார். எதிரொலி" என்று மைக்கக்கா சொல்லிப் பார்த்தாள்.

இயக்குநர் பச்சைவிளக்கைப் பார்த்தார். பச்சைவிளக்கு பந்தலில் சட்டத்தோடு மாட்டியிருந்த சான்றிதழைப் பார்த்தார். அவருக்கும் அது எதிரொலிதான் என்று தெரியும். ஆனால் எதிரொலி என்று சொன்னால் பன்னிரண்டு நாற்காலிகளும் குளிரூட்டியும் போய்விடும்.

"எதிரொலி ஒழிஞ்சதுன்னு நீங்களே கையெழுத்துப் போட்டிருக்கீங்க சார்" என்றார் மெதுவாக. "இல்லாத எதிரொலி எப்படிப் பேசும்? இது ஆள்தான்."

விழா நேரத்தில் நாற்பதாவது மேடைப் பக்கம் இருந்த ஒரே ஆள் யார் என்று பார்த்தார்கள். உம்மண்ணன்.

இயக்குநரைப் போலப் பேசி ஊரைக் கூட்டியதற்கு வேலை போகும், அதோடு விடுவார்களா என்பதும் தெரியாது. அன்று வீட்டில் மைக்கக்கா அவர் கையைப் பிடித்துக்கொண்டு, "நாளைக்காவது நாலு வார்த்தை பேசுங்க. நான் இல்லைன்னு வாயைத் திறந்து சொல்லுங்க" என்று மன்றாடினாள். அவர், "எனக்கு அவர் மாதிரி பேச வராதே" என்றார். கல்யாணமாகி இத்தனை காலத்தில் அவர் பேசிய நீளமான வாக்கியம் அதுதான். அவர் எவ்வளவு பயந்துபோயிருக்கிறார் என்று அவளுக்கு அப்போதுதான் புரிந்தது.

விசாரணை மறுநாள் மைக் இருந்த கண்ணாடி அறையில் நடந்தது. புகார் கொடுத்தவர் இயக்குநர், விசாரிப்பவர் இயக்குநர், தீர்ப்புச் சொல்பவரும் அவரே. மற்றவர்கள் நேரத்தை வீணாக்க வேண்டாம் என்ற நல்லெண்ணம். எல்லாம் வெளிப்படையாக நடக்க வேண்டும் என்பதற்காக விசாரணையை மைக்கில் வைத்து முனையம் முழுக்க ஒலிபரப்பச் சொன்னார். துணி சுற்றிய ஒலிபெருக்கிகள் முனகின. நாற்பதாவது மட்டும் தெளிவாக இருந்தது.

உம்மண்ணனை எதிரே நிற்க வைத்தார்கள். மைக்கக்கா சுவரோரமாக நின்றாள்.

"நேற்று என்னைப் போல் பேசியது நீதானே?" என்றார் இயக்குநர்.

உம்மண்ணன் தலையை இடமும் வலமுமாக ஆட்டினார். சன்னல் வழியே குரல் வந்தது: "நேற்று என்னைப் போல் பேசியது நீதானே?"

இயக்குநர் எழுந்து நின்றுவிட்டார். "பாருங்க! என் கண் முன்னாடியே பண்றான்!"

"சார், அவர் வாயே திறக்கலையே" என்றாள் மைக்கக்கா.

பச்சைவிளக்கு கைவிளக்கை அடித்து உம்மண்ணனின் உதடுகளைப் பக்கத்தில் போய்ப் பார்த்தார். "உதடு அசையலைங்கறது உண்மைதான் சார். அப்படின்னா எவ்வளவு பயிற்சி எடுத்திருக்கணும்!"

"நீ வெறும் வண்டி பாக்குற ஆள். நான் இயக்குநர்!" என்று மேசையில் அடித்தார் இயக்குநர்.

"நீ வெறும் வண்டி பாக்குற ஆள். நான் இயக்குநர்!"

மேசையை அடித்த ஓசைகூட விடாமல் திரும்பி வந்தது. பச்சைவிளக்கு பயந்து இரண்டடி பின்வாங்கினார். விஷயம் கைமீறுகிறது என்று நினைத்தாரோ, தன் நாற்காலியை நினைத்தாரோ, மைக் அருகே குனிந்து, "இயக்குநர் மாதிரி ஒரு நிர்வாகி இந்த நாட்டிலேயே கிடையாது!" என்றார்.

எல்லாரும் சன்னலைப் பார்த்தார்கள்.

"இயக்குநர் மாதிரி ஒரு நிர்வாகி இந்த நாட்டிலேயே கிடையாது!" என்றது நாற்பதாவது மேடை.

இயக்குநர் மெல்ல உட்கார்ந்தார். முகத்தில் ஏதோ இளகியது. தொண்டையைச் செருமிக்கொண்டு, "இயக்குநர் எடுத்த முடிவுகள் எல்லாமே சரியானவை" என்றார். அதையும் ஆமோதித்தது. "தலைமைக் கடிகாரத்தை அவர் அறையில் வைத்தது தொலைநோக்கு." தொலைநோக்குதான் என்றது. அவர் கண்கள் கலங்கிவிட்டன.

"எத்தனையோ பேர் என்கிட்ட வேலை பாத்திருக்கான்" என்றார் கைக்குட்டையை எடுத்தபடி. "எல்லாரும் தலையாட்டுவான். ஆனா சொல்றதுல ஒரு எழுத்தாவது மாத்திடுவான். ஒரு எழுத்துகூட மாத்தாம என்னை ஒத்துக்கிட்டது இவர் ஒருத்தர்தான். இவரைப் போய் விசாரிக்கிறோமே, நமக்கு வெட்கமா இல்ல?"

இப்படியாக உம்மண்ணன் அன்று மதியமே துணை இயக்குநர் ஆனார். சம்மதமா என்று கேட்டதற்கு அவர் சொன்ன "உம்" வேண்டாம் என்பதற்கான உம் என்று மைக்கக்காவுக்குத் தெரிந்தது. மற்றவர்கள் அதை வேறுவிதமாக எழுதிக்கொண்டார்கள்.

நாற்பதாவது மேடையில் அவருக்கு ஒரு மேசை போட்டார்கள். வண்டி நிறுத்துமிடத்தைப் பார்த்தபடி அவர் பேசாமல் உட்கார்ந்திருந்தார். அங்கே, ஆண்டுப் பராமரிப்புக்காகப் பழைய டெக்னீஷியன் வந்து சேர்ந்தார்.

"துணை இயக்குநர் சார், இந்தத் துணியெல்லாம் எடுத்துடலாமா?"

"உம்" என்றார் உம்மண்ணன்.

"கடிகாரங்களை அதுங்களே தலைமையைத் தேர்ந்தெடுத்துக்கற மாதிரி மாத்திடட்டுமா? பெரியவரைக் கேட்டா திட்டுவாரு. நீங்க சொன்னா போதும்."

"உம்."

டெக்னீஷியன் டீ குடித்து முடிக்கும் நேரம்கூட ஆகவில்லை. நாற்பது கடிகாரங்களும் கூடிப் பேசி, பத்தொன்பதாவது மேடையில் இருந்த ஒரு சாதாரணக் கடிகாரத்தைத் தலைவராக்கிக்கொண்டன. கண்ணாடி அறையில் மைக்கக்கா "துறைமுகம்" என்று சொல்லிவிட்டு வழக்கம்போல் எண்ணத் தொடங்கினாள். எண்ணுவதற்கு ஒன்றுமில்லை. சொல் ஒரே தடவை ஒலித்து அடங்கிவிட்டது. அவள் கழுத்தை நீட்டிக் காதைத் தீட்டிக் கேட்டாள். பிறகு மூச்சு விடாமல், துறைமுகம் செல்லும் பேருந்து ஏழாவது மேடைக்கு வந்துகொண்டிருக்கிறது என்று ஓட்டமாகச் சொல்லி முடித்தாள். மூட்டையும் குழந்தையுமாக ஐம்பது பேர் ஏழாவது மேடைக்குத் திரும்பினார்கள். அவள் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தாள்.

கண்காணிப்புப் பிரிவில் யாருக்கும் எதுவும் தெரியவில்லை. முன்பும் திரை பச்சை, இப்போதும் பச்சை.

கண்டுபிடித்தவர் இயக்குநர்தான். காலையில் மைக்கைப் பிடித்து, "இயக்குநர் நேற்று எடுத்த முடிவும் மிகச் சிறந்தது" என்று சொல்லிவிட்டுக் காத்திருந்தார். பதில் இல்லை. இன்னொருமுறை சொன்னார். நாற்பதாவது மேடை வாய் திறக்கவில்லை. ஒலிபெருக்கியைத் தட்டச் சொன்னார், துணை இயக்குநரைத் தட்டச் சொன்னார். ஒன்றும் பலிக்கவில்லை.

"ஏம்மா, உன் வீட்டுக்காரருக்கு என்கூட என்ன கோபம்? ஏன் பேச மாட்டேங்கறாரு?"

"வீட்டுலயும் அப்படித்தான் சார்" என்றாள் மைக்கக்கா.

மௌனம் சாதித்த குற்றத்துக்காக உம்மண்ணனின் பதவி மறுநாளே பறிபோனது. அவர் மேசையைத் தாண்டி ஓட்டமும் நடையுமாக வண்டிகளிடம் போனதைப் பார்த்தவர்கள், பதவி போன துக்கத்தில் ஓடுகிறார் என்று பரிதாபப்பட்டார்கள். கடிகாரங்களைப் பழையபடி கெடுக்க யாரும் வரவில்லை. சரி பண்ணுவதற்கு அங்கே ஒரு பிரிவு இல்லை அல்லவா, அதேபோல் சரியாகிப்போனதைக் கெடுப்பதற்கும் பிரிவு இல்லை.

ஆனால் இயக்குநரால் ஆறமுடியவில்லை. தன்னை ஒத்துக்கொண்ட அந்தக் குரல் எங்கே போயிற்று என்று தேடப் பச்சைவிளக்கு தலைமையில் பன்னிரண்டு பேரையும் இறக்கினார். அவர்கள் தூண் தூணாகக் காது வைத்துக் கேட்டார்கள். பஸ்களின் அடியில் படுத்துப் பார்த்தார்கள். சந்தேகப்பட்ட பயணிகளை "அன்பார்ந்த பயணிகளே" என்று சொல்லச் சொல்லிப் பார்த்தார்கள். கடைசியில் ஓர் அறிவிப்பு எழுதி மைக்கக்காவிடம் கொடுத்தார்கள். அவள் அதை இருமுறை மனதுக்குள் படித்துவிட்டு, சிரிப்பை அடக்கிக்கொண்டு மைக்கைப் பிடித்தாள்.

"பயணிகள் கவனத்திற்கு. முனையத்திலிருந்து குரல் ஒன்று காணாமல் போயிருக்கிறது. ஆண் குரல், நடுத்தர வயது, கனத்த சாரீரம். இயக்குநர் சொல்லும் எதற்கும் மறுப்புச் சொல்லாது. கண்டவர்கள் உடனே கண்காணிப்புப் பிரிவில் ஒப்படைக்கவும்."

அந்த அறிவிப்பு நாற்பது மேடைகளிலும் ஒரே நேரத்தில், ஒரு சொல்கூடப் பிசகாமல், தெள்ளத் தெளிவாகக் கேட்டது.